உரக்கப் பேசும் கரையும் வாயடைத்த கரையும்

2025 ஜனவரி 28 அதிகாலையில் நெடுந்தீவுக்கு அருகே இலங்கைக் கடற்படை சுட்டதில், காரைக்கால் விசைப்படகில் இருந்த ஐந்து மீனவர்கள் காயமடைந்தார்கள். படகிலிருந்த 13 பேரும் பிடிபட்டார்கள். அன்றே டெல்லியில் இலங்கையின் பொறுப்புத் தூதரை வெளியுறவு அமைச்சகம் அழைத்துக் கண்டித்தது. காரைக்கால் மீனவர்கள் படகுகளைக் கட்டிப்போட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். இப்படி நேரும்போதெல்லாம் ஊர்ப் பஞ்சாயத்தார் கூடுவார்கள், கலெக்டர் அலுவலகம் போவார்கள். பெண்கள் கேமரா முன்னால் முகம் காட்டி, பெயர் சொல்லி அரசுகளைத் திட்டுவார்கள். அதற்காக மறுநாள் யாரும் வீடு தேடி வந்து விசாரிப்பதில்லை.

மறுகரையான இலங்கையில் 2024 மே மாதம் திருகோணமலை மாவட்டம் சம்பூரில் நால்வர் கைதானார்கள். அவர்கள் செய்ததெல்லாம் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததுதான். 2009இல் போரின் இறுதி நாள்களில் முள்ளிவாய்க்காலின் ஒடுங்கிய மணல்திட்டில் அகப்பட்ட சனம் அரிசியும் தண்ணீருமாகக் காய்ச்சிய கஞ்சியில்தான் உயிர் வைத்திருந்தது. அந்தக் கஞ்சிக்கு வரிசையில் நின்றபோதே எறிகணை விழுந்து செத்தவர்கள் உண்டு. அவர்களை நினைத்து மே மாதத்தில் சிரட்டையில் கஞ்சி வார்க்கிறார்கள். அதற்கும் போலீஸ் வந்தது.

காரைக்கால்காரருக்கு அச்சம் வெளியிலிருந்து வருகிறது. முறையிடும் இடம் அவருடையது. வட இலங்கையின் வன்னியில் பயப்பட வேண்டியதும் முறையிட வேண்டியதும் ஒரே அரசிடம்தான். போர் முடிந்ததும் மெனிக் பாம் முதலான முகாம்களில் ஏறத்தாழ மூன்று லட்சம் பேரை அடைத்து வைத்த அரசிடம்தான், சரணடைந்த பிள்ளை எங்கே என்று கேட்க வேண்டும். 2017 பிப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலருகே தாய்மார் பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து கேட்டார்கள். கேட்டபடியே பலர் இறந்தும் போனார்கள். ஆகவே ஈழத்தமிழர் வாய்திறக்கவில்லை என்பது அநியாயமான பேச்சு. வாய்திறந்தவரைக் கண்காணிப்பதைப் பார்த்த பக்கத்து வீட்டார்தான் ‘எங்களுக்கேன் வில்லங்கம்’ என்று கதவைச் சாத்தினார்கள். அந்தக் கதவடைப்பை நான் கோழைத்தனம் என்று சொல்லமாட்டேன். வீட்டில் மிஞ்சிய ஒரு பிள்ளையையாவது காப்பாற்ற நினைத்தவர்கள் அவர்கள்.

அச்சத்தில் வேறுபட்டாலும் நம் கரையிலும் ஒரு மௌனம் இருக்கிறது. இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். போர்க்காலத்தில் இலங்கையின் வடபுலத்து மீனவருக்குக் கடல் பூட்டிக் கிடந்தது. அந்த ஆண்டுகளில் நம் இழுவைப் படகுகள் அங்கே போய்ப் பழகின. 2009க்குப் பின் அவர்கள் கடன்பட்டு வலை வாங்கிக் கடலில் இறங்கினார்கள். இரவில் விரித்த வலையை இழுவை மடி அறுத்துப் போனால், விடியும்போது கையில் மிதவைகள்தான் மிஞ்சும். கடனை யார் கட்டுவது? நம் மீனவர் மீது குண்டு பாய்ந்ததை எந்த நியாயமும் மூடிவிடாது. ஆனால் நம் மேடைகளில் இந்த அறுந்த வலையைப் பற்றிப் பேசக் கேட்பது அரிது.

இலங்கை 2017இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடை செய்தது. 2021 அக்டோபரில் முல்லைத்தீவிலிருந்து பருத்தித்துறை வரை படகுகளில் ஊர்வலமாகப் போய் வடபுலத்து மீனவர்கள் இந்தத் தடையை நடைமுறைப்படுத்தக் கேட்டார்கள். 2025 மார்ச்சில் தமிழக மீனவர் பிரதிநிதிகளை வவுனியாவில் சந்தித்தபோதும் இழுவைமடியை நிறுத்துங்கள் என்றுதான் கேட்டார்கள்.