ஆள் குறைந்த மண்ணில் பிறந்த சமத்துவம்

அமெரிக்கா என்றவுடன் நியூயார்க்கின் வானளாவிய கட்டடங்களும் கலிபோர்னியாவின் கடற்கரைகளும்தான் பலரின் நினைவுக்கு வரும். அந்நாட்டின் 50 மாநிலங்களில் ஆகக் குறைந்த மக்கள்தொகை கொண்டது எது என்று கேட்டால் பதில் சொல்பவர்கள் சிலரே. மேற்குப் பகுதியில், மலைகளுக்கும் புல்வெளிகளுக்கும் நடுவே கிடக்கும் வயோமிங்தான் அது.

அதன் பரப்பளவு ஏறக்குறைய 253,000 சதுர கிலோமீட்டர். தீபகற்ப மலேசியாவைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால், 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்ந்தவர்கள் 576,851 பேர் மட்டுமே. ஒரு சதுர கிலோமீட்டருக்கு இரண்டு பேருக்குச் சற்று அதிகம்.

இந்த மாநிலத்திற்குச் 'சமத்துவ மாநிலம்' என்ற சிறப்புப் பெயர் உண்டு. அந்தப் பெயர் எப்படி வந்தது? அது அங்கு வாழ்ந்த அனைவருக்கும் பொருந்தியதா? வயோமிங்கின் வரலாறு இந்த இரண்டு கேள்விகளுக்குள் அடங்கிவிடுகிறது.

கடந்து சென்றவர்களின் நிலம்

வரைபடத்தில் வயோமிங் ஒரு செவ்வகம் போலத் தெரியும். ஆறோ மலையோ அதன் எல்லை அல்ல. அதிகாரிகள் தாளில் இழுத்த கோடுகளே எல்லை. சராசரியாகக் கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டர் உயரம், மழை குறைவு, காற்று அதிகம், குளிர்காலம் நீளம். ராக்கி மலைத்தொடர் அதன் ஊடே செல்கிறது. மலைமுகட்டின் ஒரு பக்கம் பெய்யும் மழை பசிபிக் பெருங்கடலை நோக்கியும் மறுபக்கம் பெய்வது அட்லாண்டிக் பக்கமும் ஓடுகிறது. இரண்டிற்கும் இடையில் ஒரு பள்ளத்தாக்கு உண்டு. அங்கு விழும் நீர் எந்தக் கடலையும் சேராமல் மண்ணிலேயே வற்றிவிடும்.

இத்தகைய நிலத்தில் பயிர்த்தொழில் எளிதன்று. 1840களிலிருந்து ஒரேகன், கலிபோர்னியா, யூட்டா ஆகிய இடங்களுக்கு மாட்டு வண்டிகளில் புறப்பட்ட லட்சக்கணக்கானோர் இங்குள்ள சவுத் பாஸ் என்ற அகன்ற கணவாய் வழியாகத்தான் மலையைக் கடந்தனர். அவர்களின் வண்டிச் சக்கரங்கள் மணற்பாறையில் பதித்த ஆழமான தடங்களை கெர்ன்சி என்ற ஊருக்கு அருகில் இன்றும் காணலாம். வந்தவர்கள் கடந்து சென்றார்களே தவிர, தங்கியவர்கள் மிகக் குறைவு.

அதற்காக அது ஆளில்லாத பூமியாக இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. ஷோஷோனி, அராப்பஹோ, ஷையேன், குரோ, லகோட்டா எனப் பல பழங்குடியினர் காட்டெருமை மந்தைகளை நம்பி அங்கு வாழ்ந்து வந்தனர். 1868ஆம் ஆண்டு உடன்படிக்கையில் ஷோஷோனி மக்களுக்கென ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுகள் கழித்து அராப்பஹோ மக்களும் அங்கே கொண்டுவந்து வைக்கப்பட்டனர். 'விண்ட் ரிவர்' எனப்படும் அந்த ஒதுக்கிடம் ஒன்றே இன்று அம்மாநிலத்தில் பழங்குடியினருக்கு உள்ளது. வயோமிங் என்ற பெயர்கூட அந்த மண்ணின் மக்கள் வைத்ததல்ல. தொலைவில் உள்ள பென்சில்வேனியாவில் வழங்கிய லெனாப்பே மொழிச் சொல் அது.

வாக்குரிமை வந்த விதம்

1867இல் ரயில் பாதை வந்தபோது ஷையேன் நகரம் தோன்றியது. மறு ஆண்டு வயோமிங் ஒரு தனிப் பிரதேசமாக்கப்பட்டது. சுரங்கத் தொழிலாளர்களும் ரயில்வே ஊழியர்களும் ராணுவத்தினரும் நிறைந்த அந்தப் பிரதேசத்தில் வயதுவந்த ஆண்கள் ஆறு பேருக்கு ஒரு பெண் என்ற விகிதமே இருந்தது.

1869இல் கூடிய முதல் சட்டமன்றத்தில், சவுத் பாஸ் நகரைச் சேர்ந்த வில்லியம் பிரைட் என்ற உறுப்பினர் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். டிசம்பர் 10ஆம் தேதி ஆளுநர் ஜான் கேம்ப்பெல் அதில் கையொப்பமிட்டார். சொத்து நிபந்தனை எதுவுமின்றிப் பெண்களுக்கு வாக்குரிமை அளித்த முதல் அமெரிக்கப் பிரதேசம் என்ற பெருமை வயோமிங்கிற்குக் கிடைத்தது.

இதற்குப் பின்னால் உயர்ந்த நோக்கம் மட்டுமே இருந்தது என்று சொல்வதற்கில்லை. பெண்களும் குடும்பங்களும் குடியேற வேண்டும், பிரதேசத்தின் பெயர் நாடெங்கும் பரவ வேண்டும் என்ற கணக்கும் இருந்தது. எதிர்க்கட்சி ஆளுநரைச் சங்கடத்தில் ஆழ்த்தலாம் என்று நினைத்து ஆதரித்தவர்களும் இருந்தனர். கறுப்பின ஆண்களுக்கு வாக்கு உண்டென்றால் வெள்ளையினப் பெண்களுக்கு ஏன் இல்லை என்ற மனப்பான்மையும் கலந்திருந்தது.

எனினும் சட்டம் வந்ததும் வாழ்க்கை மாறியது. 1870இல் எஸ்தர் மோரிஸ் சமாதான நீதிபதியாக நியமிக்கப்பட்டார். நீதித்துறைப் பதவி வகித்த முதல் அமெரிக்கப் பெண்மணி அவரே. அதே ஆண்டு லாரமி நகரில் பெண்கள் ஜூரிகளாக அமர்ந்தனர். செப்டம்பரில் 69 வயது லூயிசா ஸ்வெய்ன் அந்நகரில் வாக்களித்தார்.

1871இல் அந்த உரிமையைப் பறிக்கச் சட்டமன்றம் முயன்றது. ஆளுநர் கேம்ப்பெல் மறுத்துவிட்டார். அவரது மறுப்பை முறியடிக்க மேலவையில் ஒரே ஒரு வாக்குக் குறைந்ததால் பெண்களின் உரிமை தப்பியது. 1890இல் வயோமிங் 44ஆவது மாநிலமாக அமெரிக்காவில் இணைந்தபோது, பெண்களின் வாக்குரிமையை விட்டுக்கொடுக்காமலேயே இணைந்தது. கணக்குப் போட்டுத் தொடங்கிய ஒன்று, இருபது ஆண்டுகளில் கொள்கையாக வேரூன்றிவிட்டது. அமெரிக்கா முழுவதிலும் பெண்களுக்கு இந்த உரிமை அரசியல் சாசனத்தின் வழி உறுதியானது 1920இல்தான். 1925இல் நெல்லி டெய்லோ ராஸ் வயோமிங்கின் ஆளுநராகப் பதவியேற்று, நாட்டின் முதல் பெண் ஆளுநரானார்.

நாணயத்தின் மறுபக்கம்

இதே மண்ணில்தான் 1885 செப்டம்பர் 2ஆம் தேதி ராக்ஸ்பிரிங்ஸ் படுகொலை நிகழ்ந்தது. அங்குள்ள நிலக்கரிச் சுரங்கத்தில் குறைந்த கூலிக்குச் சீனத் தொழிலாளர்கள் அமர்த்தப்பட்டிருந்தனர். அவர்களால் தங்கள் பிழைப்புக் கெடுகிறது என்று கொதித்த வெள்ளையினத் தொழிலாளர்கள், ஆயுதங்களுடன் சீனர் குடியிருப்பில் புகுந்தனர். குறைந்தது 28 சீனர்கள் கொல்லப்பட்டனர். அவர்களின் வீடுகள் தீக்கிரையாயின. கைது செய்யப்பட்டவர்களில் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. கூலியைக் குறைத்தது நிர்வாகம். உயிரை விட்டவர்கள் ஏழைத் தொழிலாளர்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது, மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் வீடு வாசலை இழந்து முகாம்களில் அடைக்கப்பட்டனர். வயோமிங்கில் ஹார்ட் மவுண்டன் முகாம் 1942இல் திறக்கப்பட்டது. முள்வேலிக்குள் 10,000க்கும் மேற்பட்டோர் இருந்ததால், அந்த முகாமே மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊராகிவிட்டது. அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள் என்பது கவனிக்கத்தக்கது. குடியுரிமையை மதிக்காமல் படையில் மட்டும் சேரச் சொல்வதா என்று மறுத்த 63 இளைஞர்கள் 1944இல் சிறைத் தண்டனை பெற்றனர். 1947இல் அதிபர் ட்ரூமன் அவர்களுக்கு மன்னிப்பு வழங்கினார்.

அந்த முகாமில் ஒரு நட்பும் மலர்ந்தது. உள்ளே இருந்த சிறுவன் நார்மன் மினேட்டாவும், அருகிலுள்ள கோடி நகரிலிருந்து சாரணர் கூட்டத்திற்கு வந்த சிறுவன் ஆலன் சிம்ப்சனும் ஒரே கூடாரத்தைப் பகிர்ந்துகொண்டனர். பிற்காலத்தில் இருவரும் நாடாளுமன்றத்தில் எதிரெதிர்க் கட்சிகளில் அமர்ந்தனர். ஆனாலும், முகாம்களில் வாடியவர்களிடம் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் வழங்க வழிசெய்த 1988ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு இருவருமே துணைநின்றனர்.

எண்ணிக்கையும் மதிப்பும்

இன்று வயோமிங் என்றால் 1872இல் அமைந்த யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் வெந்நீர் ஊற்றுகளும், 1897 முதல் ஷையேனில் நடந்துவரும் மாடுமேய்ப்பர் வீரவிளையாட்டு விழாவும் நினைவுகூரப்படுகின்றன. அமெரிக்காவின் நிலக்கரியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இங்கிருந்துதான் வெட்டியெடுக்கப்படுகிறது. நாலு கோடிப் பேரை நெருங்கும் கலிபோர்னியாவுக்குச் செனட் சபையில் இரண்டு இடங்கள். ஆறு லட்சத்தையும் எட்டாத வயோமிங்கிற்கும் இரண்டு இடங்கள்.

ஆள் குறைவாக இருந்ததால் ஒவ்வோர் ஆளுக்கும் மதிப்புக் கூடியது. அதனால் பெண்களுக்கு உரிமை கிடைத்தது. ஆனால் அதே குறைவு, வெளியிலிருந்து வந்த சீனரையும் அடைத்து வைக்கப்பட்ட ஜப்பானியரையும் காக்கவில்லை. தேவை கருதிக் கொடுக்கப்படும் உரிமை, தேவைப்பட்டவர்களோடு நின்றுவிடும். அது அண்டை வீட்டாருக்கும் அந்நியருக்கும் உரியது என்று உணர்ந்து காப்பதற்கு மனிதர்கள் வேண்டும். ஒரு வாக்கில் தப்பிய சட்டமும், ஒரு கூடாரத்தில் தொடங்கிய நட்பும் வயோமிங் விட்டுச்செல்லும் பாடங்களாகும்.