ஹாஸ்டல்

"ஹாஸ்டல்லயா தங்கினே? அங்க படிக்கவா போனே?" பெர்லினிலிருந்து திரும்பியதும் அத்தை கேட்டாள். நமக்கு ஹாஸ்டல் என்றால் வார்டனும் தண்ணி ரசமும்தான். எட்டுப் பேர் படுக்கும் அறையில் அடுக்குக் கட்டிலின் மேல்தட்டை மட்டும் வாடகைக்கு எடுத்தேன் என்றால் நம்பவில்லை. விருந்தாளி, விருந்தளிப்பவர் இருவரையுமே குறித்த 'ஹோஸ்பெஸ்' என்ற லத்தீன் சொல்லின் வழிவந்தது 'ஹாஸ்டல்'. ஹோட்டலும் ஹாஸ்பிட்டலும் உடன்பிறப்புகள். ஹாஸ்டலுக்கு ஜெர்மானியர் சொல்லும் 'ஹெர்பெர்கே' முதலில் படை தங்கிய இடம், நம் படைவீடு மாதிரி. 1909இல் மாணவர்களோடு நடைப்பயணத்தில் இடிமழையில் மாட்டிய ஆசிரியர் ரிச்சர்ட் ஷிர்மான்தான் அதை இளைஞர்களுக்காக யோசித்தார். தமிழில் 'விடுதி' உண்டு, ஆனால் லாட்ஜுக்கும் அதுவே. சத்திரம் என்றால் கல்யாண நினைப்பு வருகிறது. என் ஓட்டு 'கட்டில் விடுதி'க்கு. பூட்டு மட்டும் கையோடு கொண்டுபோங்கள்.