லத்தீனோ உளச்சிகிச்சையாளர்களின் பண்பாட்டுத் திறன்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பணிபுரியும் லத்தீன் அமெரிக்க வழிவந்த (லத்தீனோ) உளச்சிகிச்சையாளர்கள், தம்மிடம் வருவோரின் மொழி, குடும்ப அமைப்பு, நம்பிக்கைகள், குடிபெயர்வு அனுபவம் ஆகியவற்றை அறிந்து அவற்றுக்கேற்பச் சிகிச்சை அளிக்கும் திறன் பண்பாட்டுத் திறன் எனப்படுகிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் லத்தீனோ மக்கள் சுமார் 6.2 கோடிப் பேர். உளவியலாளர்களில் அவர்களின் பங்கு, மக்கள்தொகையில் அவர்களின் பங்கைவிட மிகக் குறைவு.

கருத்தாக்கம்

உளவியலாளர் டெரால்ட் விங் சூ தலைமையிலான குழு 1982இல் மனப்பான்மை, அறிவு, செயல்திறன் எனப் பண்பாட்டுத் திறனை மூன்றாக வகுத்தது. 1992இல் சூ, மெக்சிக்க அமெரிக்க உளவியலாளர் பட்ரீசியா அர்ரெடோண்டோ, ரோடரிக் மெக்டேவிஸ் ஆகியோர் இதை விரிவாக்கினர். அமெரிக்க உளவியல் சங்கம் 2002இல் ஏற்ற பன்பண்பாட்டு வழிகாட்டு நெறிகள் 2017இல் புதுப்பிக்கப்பட்டன.

சிகிச்சையில் பண்பாடு

குடும்பத்தின் நலனைத் தன் நலனுக்கு முன் வைக்கும் 'ஃபமிலிஸ்மோ', மூத்தோருக்குக் காட்டும் மரியாதையான 'ரெஸ்பெட்டோ', நேரடி நட்புறவை மதிக்கும் 'பெர்சொனலிஸ்மோ' ஆகியவை அடிக்கடி பேசப்படும் விழுமியங்கள். முதியவரை ஸ்பானிய மொழியின் மரியாதைச் சொல்லான 'உஸ்தெத்' என்று அழைப்பதும் 'ரெஸ்பெட்டோ'வில் அடங்கும். அழுகை, கூக்குரல், நடுக்கம், நெஞ்சிலிருந்து தலைக்கேறும் வெப்பம் ஆகியவற்றோடு வரும் 'அத்தாக்கே தே நெர்வியோஸ்' என்னும் நிலையைப் பீதிக் கோளாறு என எளிதில் தவறாகக் கணித்துவிடலாம். 2013இல் வெளியான டிஎஸ்எம்-5 நோயறி கையேடு இதைப் பண்பாடு சார்ந்த துயர வெளிப்பாடாகப் பதிவு செய்துள்ளது.

தழுவிய முறைகள்

மயாமியில் 1970களில் ஹோசே சபோச்னிக், கியூபக் குடும்பங்களில் அமெரிக்க வழக்கங்களை விரைவாக ஏற்ற பிள்ளைகளுக்கும் மெதுவாக மாறிய பெற்றோருக்கும் இடையிலான பிணக்கைக் கவனித்துக் குறுகியகாலக் குடும்பச் சிகிச்சையை உருவாக்கினார். நியூயார்க்கில் 1980களில் ஜூசெப்பே கொஸ்தாந்தினோவும் சக ஆய்வாளர்களும் போர்ட்டோ ரிக்கோ நாட்டுப்புறக் கதைகளைக் குழந்தைகளின் சிகிச்சைக்குப் பயன்படுத்தினர். சிகிச்சைகளைப் பண்பாட்டுக்கு ஏற்பத் தழுவுவதற்கு, கியெர்மோ பெர்னால் குழு 1995இல் மொழி, உருவகம், இலக்கு, சூழல் உள்ளிட்ட எட்டுக் கூறுகளை முன்வைத்தது.

ஒரே மரபின் வரம்புகள்

சிகிச்சையாளரும் லத்தீனோ என்பதாலேயே இத்திறன் வந்துவிடாது. வீட்டில் ஸ்பானியம் பேசி வளர்ந்தாலும், ஆங்கிலத்திலேயே பயின்றவர்களுக்கு நோயறிதலை ஸ்பானியத்தில் விளக்குவது கடினமாகலாம். கியூப வழிவந்த நடுத்தர வகுப்பினருக்கு, மிஸ்தெக் என்னும் பழங்குடி மொழி பேசும் மெக்சிக்கப் பண்ணைத் தொழிலாளியின் வாழ்க்கை அந்நியமாக இருக்கலாம். வர்க்கம், நிறம், குடியுரிமை நிலை ஆகியவையும் இடைவெளி உண்டாக்கும். தன் அனுபவத்தையே சிகிச்சைக்கு வந்தவரின் அனுபவமாகக் கருதிக் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடுவதும் நேர்கிறது. ஆகவே லத்தீனோ மாணவர்களுக்கும் ஸ்பானிய மொழியிலான பணிப்பயிற்சியும் மேற்பார்வையும் தேவை.