பதுளையின் குதிரைப் பந்தயம்

பதுளையில் 19ஆம் நூற்றாண்டில் குதிரைப் பந்தயத் திடல் இருந்தது என்றால் பலர் நம்பமாட்டார்கள். ரயில் வந்தது 1924இல்தான். அதுவரை ஊவாத் தோட்டத் துரைமாருக்குக் குதிரையே கால். அதைத் தேய்த்துக் குளிப்பாட்டித் தீனி வைத்துக் கூடவே நடந்தவன் குதிரைக்காரன், பெரும்பாலும் தமிழன்.

1845இல் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரோஜர்ஸின் நினைவாகப் பதுளையில் சென். மார்க் தேவாலயம் எழுந்தது. யானைகளைக் கொன்று குவித்தவர்! அவருடைய குதிரைக்காரனின் பெயரை நான் எங்கும் படித்ததில்லை.

நுவரெலியாவில் 1875இல் தோன்றிய பந்தயம் இன்றும் ஏப்ரலில் நடக்கிறது. பதுளைத் திடல் மறைந்தது; பந்தயப் பணம் மறையவில்லை. அரைப் பேர், முழுப் பேர் என்று எண்ணிக் கொடுக்கப்படும் கூலி, மலையக நகரங்களின் 'புக்கி' கடைகளில் இங்கிலாந்துக் குதிரைகள்மீது கட்டப்படுகிறது. கடைக்காரர் பெரிதாக விளம்பரமும் செய்வதில்லை: சுவரில் ஒரு பந்தயப் பட்டியல், மூலையில் ஒரு தொலைக்காட்சி.