சான்றாக்கப்பட்ட உடல்: திருநங்கையர் மீதான பாலியல் வன்முறையும் இந்தியச் சட்டமும் (1871–2024)

அலகாபாத் உயர் நீதிமன்றம் 1884இல் விசாரித்த கைராத்தி வழக்கில் பாதிக்கப்பட்டவர் என்று யாருமே காட்டப்படவில்லை. மொராதாபாத் பகுதியில் பெண்ணுடை உடுத்தி, ஒரு வீட்டுப் பெண்களோடு பாடிக்கொண்டிருந்த கைராத்தியைப் போலீசார் பிடித்துச் சென்றனர். சிவில் சர்ஜன் அவரது ஆசனவாயைச் சோதித்து எழுதிய குறிப்பே, ‘இயற்கைக்கு மாறான’ உறவைத் தண்டித்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவுக் குற்றத்துக்குச் சான்றாயிற்று. செஷன்ஸ் நீதிமன்றம் தண்டித்தது. குற்றம் எங்கே, எப்போது, யாரோடு நடந்தது என்பது நிறுவப்படவில்லை என்று உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆனால் இத்தகைய ‘பழக்கங்களை’ ஒடுக்க நினைத்த அதிகாரிகளை மெச்சவும் செய்தது. அந்தச் சோதனையே உடல்மீதான அத்துமீறல் என்ற எண்ணம் தீர்ப்பில் தலைகாட்டவில்லை.

இத்தகைய கைதுக்கு வழிகோலியது 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பகுதி. சந்தேகத்துக்குரிய ஹிஜ்ராக்களின் பெயர்களும் சொத்துகளும் பதிவேட்டில் ஏறின. பதிவானவர் பெண்ணுடையில் பொதுவெளியில் தென்பட்டாலோ ஆடிப் பாடினாலோ பிடியாணையின்றிக் கைது. இரண்டு ஆண்டு வரை சிறை. இப்பகுதி 1911ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே கைவிடப்பட்டது. விடுதலைக்குப் பிறகுதான் நீங்கியது என்று பலரும் எழுதுவது பிழை. சட்டம் போனாலும் காவல் நிலையத்தின் பார்வை போகவில்லை.

பெங்களூரில் 2004இல் நடந்தது இது. பொது இடத்தில் பெண்ணுடையில் நின்ற ஒரு ஹிஜ்ராவை ஒரு கும்பல் கூட்டு வன்புணர்வுக்கு உள்ளாக்கியது. பின்னர் காவல் நிலையம் கொண்டுசெல்லப்பட்டபோது அவரை நிர்வாணமாக்கி, ஜன்னலோடு சேர்த்து விலங்கிட்டுச் சித்திரவதை செய்தார்கள். வன்முறைக்கு ஆளானவரே விசாரணைக் கைதியானார். இந்நிகழ்வு டெல்லி உயர் நீதிமன்றத்தின் 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பில், 377ஆம் பிரிவை எதிர்த்து நாஸ் அறக்கட்டளை தொடுத்த வழக்கில், பதிவாகியுள்ளது. சென்னையில் திருட்டு வழக்கொன்றில் விசாரிக்கப்பட்ட திருநங்கை ஒருவர், போலீசாரின் பாலியல் துன்புறுத்தல் தாளாமல் 2006இல் தீக்குளித்து இறந்தார். உடன்பிறந்தவர் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2007இல் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. கைராத்தி வழக்குக்கும் இதற்கும் இடையே 123 ஆண்டுகள். நீதிமன்றம் மாறியிருந்தது, லாக்கப் அறை மாறவில்லை.

வன்புணர்வுச் சட்டம் பாதிக்கப்பட்டவராகப் பெண்ணை மட்டுமே ஏற்றது. இதற்கான தீர்வு ஒருமுறை கைக்கு எட்டியது. பாலியல் குற்றச் சட்டங்களைத் திருத்துவது பற்றி ஆராய்ந்த நீதிபதி வர்மா குழுவின் அறிக்கைக்குப் பின் 2013 பிப்ரவரியில் வந்த அவசரச் சட்டம், பாதிக்கப்பட்டவரை ‘நபர்’ என்று பொதுவாகக் குறித்தது. சில வாரங்களில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டம் மீண்டும் ‘பெண்’ என்றே எழுதியது. தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமையை 2014இல் உச்ச நீதிமன்றத்தின் நால்சா தீர்ப்பு உறுதிசெய்தது. ஹிஜ்ரா, கின்னர், அரவாணி, ஜோகப்பா என வெவ்வேறு மொழி, சடங்கு, குடும்ப அமைப்பு கொண்ட மரபுகளை அத்தீர்ப்பு தனித்தனியே அறிந்து பேசியது. அதன்பின் வந்த சட்டமோ இந்த வேறுபாடுகளுக்குப் பெரிதாகக் காது கொடுக்கவில்லை.

அந்த 2019ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், பாலியல் வன்முறைக்கு வைத்த தண்டனை ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை. பெண்ணை வன்புணர்ந்தால் குறைந்தது பத்து ஆண்டு. 1871இல் பொதுவெளியில் பெண்ணுடை உடுத்தியதற்கு விதிக்கப்பட்ட உச்சத் தண்டனையும் இதே இரண்டு ஆண்டுதான் என்பதைச் சட்டம் வரைந்தவர்கள் கவனித்தார்களா, தெரியாது.

இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா 377ஆம் பிரிவை முழுதாகக் கைவிட்டது. ஒப்புதலோடு நிகழும் உறவைக் குற்றமாக்கியதால் அது வெறுக்கப்பட்டது நியாயமே. ஆனால் 2018இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கறையைத் துடைத்தபின், ஒப்புதலற்ற வன்கொடுமைக்கு எதிராக எஞ்சியிருந்த பகுதியும் இப்போது போய்விட்டது. உள்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2023இலேயே இதைச் சுட்டிக்காட்டியும் அரசு கேட்கவில்லை. புதிய சட்டத்தின் 63ஆம் பிரிவில் வன்புணர்வுக்கு ஆளாகிறவர் ‘பெண்’ என்றே இருக்கிறது. திருநங்கையும் அதில் அடங்குவார் என்று வெளிப்படையாகத் திருத்தம் கொண்டுவருவதே நாடாளுமன்றம் உடனே செய்ய வேண்டிய வேலை.