சந்திரக் கலத்தின் கணனியும் மின்வழங்கலும்

கருவியொன்றின் ஆற்றலை அதன் அகத்தே தேடுதல் நம் வழக்கம். ஆயின், பிற கருவிகளோடு அது கூடும் இடைமுகத்திலேயே பலகால் அதன் விதி நிர்ணயமாகின்றது. அப்பலோ வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

மசாச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தின் ஆய்வுகூடம் அப்பலோக் கலங்களுக்கென வகுத்த கணனி ஏறத்தாழ 32 கிலோகிராம் நிறையுடையது. 55 வாற்று மின்வலுவில் இயங்கியது. அதன் மாற்றியெழுதத்தக்க நினைவகம் 2,048 சொற்களே கொண்டது.

1969 யூலை 20 ஆம் நாள் ஆம்ஸ்ற்றோங்கும் ஓல்ட்றினும் சந்திரனில் இறங்குகையில், 1202, 1201 என்னும் எச்சரிக்கைகள் அக்கணனியில் தோன்றின. புதிய வேலைக்கு இடமில்லை என்பதே அவற்றின் பொருள். காரணம் பின்னரே தெளிவாயிற்று. மீளும்போது தாய்க்கலத்தைக் கண்டறிதற்குரிய றேடார் ஒரு மின்வழங்கலையும், அதன் கோணங்களைக் கணனிக்கு உரைக்கும் இடைமுகம் வேறொன்றையும் சார்ந்திருந்தன. இரண்டும் செக்கனுக்கு 800 சுற்றுடையன. மீடிறன் ஒன்றாயினும், அலைகள் ஒருமித்து எழுந்து தாழுமாறு அவத்தை இணைக்கப்படவில்லை. ஆதலின், அசையாத றேடார் அசைவதாக மயங்கிய இடைமுகம் செக்கனுக்கு 12,800 வரையான துடிப்புக்களை அனுப்பியது. அவற்றை எண்ணுவதிலேயே கணனியின் நேரத்தில் நூற்றுக்கு 15 பங்களவு கழிந்தது.

எனினும் கலம் தப்பியது. வேலைகளை முதன்மை முறையில் நிரற்படுத்தும் ஏற்பாட்டை ஹல் லானிங் முன்னரே வகுத்திருந்தார். அதனால், கணனி தன்னை மீளத் தொடக்கிச் சிறுபணிகளை விடுத்து, கலத்தை இறக்கும் பணியைப் பற்றிக்கொண்டது.

ஈரிடத்தார் தத்தம் பகுதியைச் செவ்வனே செய்தலாற் பொறி முழுமையடைவதில்லை. இடையிலுள்ள எல்லைக்கும் ஒருவர் பொறுப்பேற்றல் வேண்டும். தவறு நேர்ந்தவிடத்தும் தலையாய கடமையைக் கைவிடாத அமைப்பே உறுதியான அமைப்பாகும்.