உயரம் தேடிய நீர்

தாழ்வை நாடிச் செல்வது நீரின் இயல்பு. அதனை மேல்நோக்கி எழச் செய்து கண்டு மகிழ்வது மனிதனின் ஆசை. இவ்விரண்டிற்கும் இடையே நிற்பதுதான் பம்பு. ஜொகூர் மாநிலத்துப் பொந்தியான் மாவட்டத்தில், அன்னாசியின் பெயரையே தன் பெயராகக் கொண்ட ஊர் பெக்கான் நானாஸ். அங்கு ஒருவர் தம் வீட்டுத் தோட்டத்தில் சிறு நீரூற்று அமைக்க விரும்பினால், எந்தப் பம்பை வாங்குவது என்னும் வினா முதலில் எழும். கடைத்தெருவோடு முடிந்துவிடுவதுபோல் தோன்றும் இவ்வினாவிற்கு நெடிய வரலாறு உண்டு.

பம்பு இல்லாமலேயே ஊற்றெழச் செய்தவர்கள் பண்டைக் காலத்தில் இருந்தனர். இலங்கையில் காசியப்ப மன்னன் (477–495) ஆண்ட சிகிரியாவில், குன்றின் அடியில் நீர்த்தோட்டங்கள் அமைந்தன. உயரத்தில் தேக்கிய நீர் நிலத்தடிக் கால்வாய்களின் வழியே இறங்கி, துளையிட்ட சுண்ணாம்புக்கற் பலகைகளின் வழியாகப் பீறிட்டு எழுந்தது. மழைக்காலத்தில் அவ்வூற்றுகள் இன்றும் எழுகின்றன. நிலத்தின் ஏற்றத்தாழ்வே அங்கே பொறியாகப் பணி செய்தது.

அத்தகைய உயரம் வாய்க்காத இடத்தில் என்ன செய்வது? பிரான்சு நாட்டு மன்னர் பதினான்காம் லூயி, வெர்சாய் அரண்மனையின் ஊற்றுகளுக்கு நீர் வேண்டி, சேன் ஆற்றின்மீது மார்லிப் பொறியை நிறுவினார். 1684-இல் இயங்கத் தொடங்கிய அப்பொறியில் 14 பெருஞ்சக்கரங்கள், இருநூற்றுக்கு மேற்பட்ட பம்புகளை இயக்கின. ஆற்று நீர் 150 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. ஆயினும் ஊற்றுகள் அனைத்தும் ஒருங்கே எழுவதற்கு நீர் போதவில்லை. மன்னர் உலா வரும்போது பணியாளர்கள் சீழ்க்கையால் ஒருவருக்கொருவர் குறிப்புணர்த்தி, அவர் நெருங்கும் ஊற்றை மட்டும் திறந்துவிட்டனராம். தேவையை அளவிடாமல் ஊற்றுகளைப் பெருக்கியதன் விளைவு அது.

பின்னர்ச் சுழற்சியின் விசையால் நீரை வெளித்தள்ளும் பம்பு வந்தது. 1851-இல் இலண்டன் மாநகரில் நடைபெற்ற பெருங்கண்காட்சியில், வளைந்த இதழ்களையுடைய ஆப்பல்டின் பம்பு, நேரான இதழ்களையுடையவற்றை எளிதில் விஞ்சியது. இன்றைய தோட்டப் பம்புகளும் அவ்வினத்தைச் சேர்ந்தவையே.

தமிழகத்தில் ஏற்றமும் கவலையும் செய்துவந்த வேலையை, 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்தபின் கோவை வட்டாரத்தில் மின்பம்புகள் ஏற்றன. வயல்கள் செழித்தன, பம்புத் தொழிலும் வளர்ந்தது. ஆனால் மாடு களைத்தால் கவலை நிற்கும், பம்பு களைப்பதில்லை. நிலத்தடி நீர்மட்டம் இறங்கியது. கிணறுகள் மேலும் ஆழமாயின. ஆற்றல் மிகுந்த பொறிக்கு அளவறிந்த கை வேண்டும் என்பதைக் கோவை உணர்த்திற்று.

இனி, பெக்கான் நானாசின் தோட்டத்திற்குத் திரும்பலாம். பம்பின் பெட்டியில் இரண்டு உச்ச அளவுகள் அச்சிடப்பட்டிருக்கும். ஒரு மணி நேரத்திற்கு 2000 லிட்டர் என்பது, நீரைச் சிறிதும் உயர்த்தாதபோது கிடைக்கும் அளவு. உச்ச உயரம் 2 மீட்டர் என்பது, நீர் வெளிவராமல் நின்றுவிடும் உயரம். இரண்டும் ஒருசேரக் கிட்டா. ஆகவே, குளத்து நீர்ப்பரப்பிலிருந்து ஊற்றின் வாய் வரையுள்ள உயரத்தை முதலில் அளத்தல் வேண்டும். குழாயின் உராய்வுக்குச் சற்றுக் கூட்டிக்கொண்டு, அவ்வுயரத்தில் எவ்வளவு நீர் வரும் என்பதைப் பம்பின் வரைபடத்தில் காண வேண்டும். 1000 லிட்டர்க் குளத்தில் மீன் வளர்ப்போர், அந்நீர் முழுவதையும் ஓரிரு மணி நேரத்திற்கு ஒருமுறை சுழலச் செய்வது வழக்கம்.

மண்ணையும் மறத்தலாகாது. இவ்வட்டாரத்து அன்னாசித் தோட்டங்கள், மக்கியும் மக்காத தாவர எச்சங்கள் படிந்த கரிய சதுப்பு நிலத்தில் அமைந்தவை. அந்நிலத்து நீர் பழுப்பு நிறமும் புளிப்புத் தன்மையும் உடையது. அது இரும்பை அரிக்கும். அதிலுள்ள நார்கள் பம்பின் இதழ்களில் சிக்கும். நீர் வடிந்தால் அந்நிலம் தாழும்; வறண்டால் தீயும் பற்றும். ஆதலின் மண்ணிலிருந்து நீரை உறிஞ்சாமல், கூரையிலிருந்து வடியும் மழைநீரைக் குளத்தில் தேக்கி, அதனையே மீண்டும் மீண்டும் சுழலச் செய்வது தக்கது.

சிகிரியாவிற்குக் குன்று உயரத்தைத் தந்தது. சமநிலத்தில் வாழ்வோர் அதனை விலைகொடுத்து வாங்குகின்றனர். வேண்டிய அளவு வாங்குவதே அறிவுடைமை.